மறதி என்று பெயர் வைத்தார்கள்

அன்று காலை நான் பூத்திருந்த கொடியை வெட்டச் சொன்னேன்.

திராட்சை போட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுப்பு முடிந்ததும் கொடியை வெட்டிவிடுவதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டிய இடத்தில் புதுத் தளிர் வரும், தளிரில் பூ வரும், பூ காயாகும். பூ வந்த பிறகு அதே கொடியை மறுபடி வெட்டினால் அந்த வெள்ளாமை அத்தோடு போயிற்று.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்தின் மேற்குப் பந்தலில் கவாத்து முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நான்தான் பக்கத்தில் நின்று வெட்ட வைத்தேன். அந்த நான்தான் அன்று காலை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மேற்குப் பந்தலை வெட்டுங்கள் என்றேன்.

பேச்சியம்மா எங்கள் தோட்டத்தில் பல வருடங்களாக வேலை செய்பவள். அவள் தலைக்கு மேலே கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவள் உதடு அசைந்தது தெரிந்தது. வேலைக்குச் சுணங்குகிறாள் என்று நினைத்தேன். சொன்னதைச் செய் என்று அதட்டினேன். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தவள் நான். என் அதட்டலுக்கு இன்னும் மதிப்பிருந்தது. அவர்கள் வெட்டத் தொடங்கினார்கள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். பூ தெரிந்தது. பூ என்று புரிந்தது. பூத்த கொடியை வெட்டக்கூடாது என்பது மட்டும் எனக்குள் எழவில்லை. இதை மருத்துவரிடம் பலமுறை விளக்கிப் பார்த்திருக்கிறேன். மறந்துபோனதைப் போல இருக்கவில்லை. அறையில் விளக்கு எரிகிறது, சாமான்கள் இருக்கின்றன, எது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பாதிப் பந்தல் வெட்டி முடித்தபோது என் மகன் செந்தில் மோட்டார் சைக்கிளில் வந்தான். வண்டியை ஸ்டாண்டு போடாமலே கீழே விட்டுவிட்டு ஓடிவந்தான். அவன் கத்தியது எனக்குக் கேட்டது. அவ்வளவு பேர் முன்னால் அவன் என்னைப் பார்த்துக் கத்துவது அதுவே முதல் தடவை.

அது 2006. எனக்கு அறுபத்தொரு வயது. கம்பத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. செந்தில் கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தான். அவன் மனைவி கவிதா. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தோட்டம் என் பொறுப்பில் இருந்தது.

அன்று மாலைக்குள் என் பொறுப்பில் எதுவும் இல்லை என்றாகிவிட்டது.

*

கம்பத்தில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் செந்தில் என்னைக் கூட்டிப்போனான். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செந்திலிடம் கேட்டார். அம்மா சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, கோபப்படுகிறார்களா என்று. கோபப்படுகிறார்கள் என்று செந்தில் சொன்னதை அவர் எழுதிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கோபப்படாமல் என்ன செய்வது?

வயதாகிவிட்டது, மூளை தேய ஆரம்பித்திருக்கிறது, இனி இப்படித்தான் போகும் என்றார். டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலைகளையே செய்ய முடியாமல் போகும் நிலை) என்ற சொல்லை அவர்தான் முதலில் எங்கள் வீட்டுக்குள் விட்டார். ஸ்கேன் இல்லை. ரத்தப் பரிசோதனை இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் என்றார், அதோடு விட்டுவிட்டார்.

கணவர் இறந்த சமயம் தூக்கம் வரவில்லை என்று இதே மருத்துவர் எனக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு என்று எழுதிய மாத்திரை அது. அந்தச் சீட்டைக் காட்டாமலே செந்தில் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கிவந்தான். நான்கு வருடமாக நான் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது அந்த மாத்திரையின் அளவைக் கூட்டினார். சாயங்காலத்தில் படபடப்பு வராமலிருக்க இன்னொன்றைச் சேர்த்தார். தோலில் அரிப்பு என்றதற்கு மூன்றாவதாக ஒன்று. மூன்றுமே தூங்க வைக்கும் சாதி என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சில மாதங்களைப் பற்றி எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகும். குளியலறையில் விழுந்தேன். பேச வாயெடுத்தால் சொல் வராது. தட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது, அது என்று கையைக் காட்டுவேன். பேத்திகள் சிரித்தார்கள். குழந்தைகள்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

வெளிக்கதவைப் பூட்டத் தொடங்கினார்கள். எங்கேயாவது போய்விடுவேனாம். அடுப்பை நான் தொடக்கூடாது. போனை நான் எடுக்கக்கூடாது. பார்க்க வந்தவர்கள் என்னைத் தாண்டிக் கவிதாவிடம் பேசினார்கள். "டீச்சர் எப்படி இருக்காக?" என்று என் எதிரிலேயே அவளிடம் கேட்டார்கள்.

அவர்கள் குசுகுசுவென்று பேசுவதாக எனக்குத் தோன்றியது. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. என்னை எங்கோ கொண்டுபோய் விடத் திட்டம் போடுகிறார்கள் என்று நம்பினேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறாள் என்று கவிதாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள். சந்தேகப்படுகிறவளோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். சந்தேகப்படுகிறவளுக்கு அந்த வீடு எப்படி இருந்தது என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா? எதிரி நாட்டில் சிறைப்பட்டவள் போல இருந்தேன். அவர்கள் பேசிய மொழிகூட எனக்குப் பாதிதான் விளங்கியது.

*

என் தங்கை கமலம் பெரியகுளத்தில் இருக்கிறாள். தோட்டக்கலைக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை குறைவு. அவள் எதையும் பளிச்சென்று சொல்லிவிடுவாள். நானும் அப்படியே.

ஒரு நாள் நண்பகலில் அவள் சொல்லாமல் வந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன், வாயில் மெல்லாத சோறு இருந்தது என்று பிறகு சொன்னாள். அவள் என்னை எழுப்பி வாயைத் துடைத்துவிட்டு, மாத்திரைகள் எங்கே என்று கேட்டிருக்கிறாள். கவிதா எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

செந்தில் கடையிலிருந்து வந்ததும் சண்டை ஆரம்பித்தது. அதில் எனக்குக் கேட்டது கமலத்தின் குரல் மட்டுமே.

"இது நோயில்லடா. நீங்க அவளத் தூங்க வச்சுக்கிட்டு இருக்கீக."

டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் கொடுக்கிறோம் என்றானாம் செந்தில். சித்தி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் பேசக்கூடாது, கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்றானாம். அதற்குக் கமலம், சரி, கூடவே வைத்துக்கொள்கிறேன் என்று என் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள். மறுநாள் மதுரைக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னாள். செந்திலும் வந்தான். வர விருப்பமில்லாமல் வந்தான் என்பது வழி முழுக்க அவன் முகத்தில் தெரிந்தது.

மதுரை மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்கு முன்னால் நீளமான ஒரு நடைவழி. அங்கே என்னைப் போன்றவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு மகனோ மகளோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் தன் சட்டைப் பித்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். அவர் மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி அவிழ்த்தார். மறுபடி தட்டினாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். என் மாணவிகள் வயது. ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லுங்கள் என்றார். நான் இரண்டைச் சொன்னேன். அதில் ஒன்று அவர் சொல்லாதது. செந்தில் கமலத்தைப் பார்த்தான்.

மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஏதோ பேசினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. தாளை இறக்கி, அதிலேயே பெரிய எழுத்தில் வேறு ஐந்து சொற்களை எழுதி என்னிடம் காட்டி, திருப்பி வைத்தார். நான் நான்கைச் சொன்னேன்.

"அம்மாவுக்குக் காது கேக்கலைன்னு உங்க யாருக்குமே தெரியாதா?" என்று செந்திலிடம் கேட்டார். அதை என் பக்கம் திரும்பி, உரக்கவே கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தப் பெண்ணுக்கு நான் கடைசிவரை நன்றி உள்ளவள்.

எனக்கே தெரியாது என்பதுதான் நிஜம். காது ஒரே நாளில் போவதில்லை. ஊர்தான் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். கமலம் பையை மேசையில் கவிழ்த்தாள். மருத்துவர் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எத்தனை வருடமாக என்று கேட்டார். சொன்னோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்த்தார். கொஞ்சம் கூடுதல் இல்லை, மிகக் கூடுதல். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டும் பி12 சத்தும் சர்க்கரையும் பார்க்க. ஆடியோகிராம் (எந்த அளவுச் சத்தம் காதில் விழுகிறது என்று அளக்கும் பரிசோதனை) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உட்பகுதியைப் படமெடுக்கும் முறை) எடுக்க என்னை ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். அதன் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

*

முடிவுகளைக் கேட்க உட்கார்ந்தபோது நான் ஒரு வழக்கில் ஜெயிக்கப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தேன். எனக்கு நோய் இல்லை, இவர்கள்தான் என்னை நோயாளி ஆக்கினார்கள் என்று அந்த மருத்துவர் வாயால் என் மகன் கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். அதில் சில இடங்களைப் பேனாவால் தொட்டார். சின்னச் சின்னப் புள்ளிகள். இன்ஃபார்க்ட் (ரத்தக்குழாய் அடைபட்டு, ரத்தம் போகாமல் செத்துப்போன பகுதி) என்றார். உயர் ரத்த அழுத்தம் பல வருடங்களாக மருந்தில்லாமல் இருந்ததால் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

செந்தில் மெதுவாக மூச்சு விட்டான். "அப்ப நாங்க சொன்னது சரிதான, டாக்டர்?" என்றான்.

"பாதி சரி," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "இன்னைக்கு உங்களுக்கு டிமென்ஷியான்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரை உங்க மூளையை அமுக்கி வச்சிருக்கு, காது கேக்கல, இது ரெண்டையும் சரி பண்ணிட்டுத்தான் பேசணும். ஆனா இந்தப் புள்ளியெல்லாம் நிஜம். இதுக்கு மேல கூடாம பாத்துக்கலைன்னா, அவங்க சொன்ன இடத்துக்குத்தான் போவீங்க."

செத்தவை திரும்ப வராதா என்று கேட்டேன். வராது என்றார். எப்போது செத்தன என்று கேட்டேன். சொல்ல முடியாது, சிலது பத்து வருடத்துக்கு முன்பாகக்கூட இருக்கலாம் என்றார். அப்போது நான் வகுப்பில் நின்று உலகப் படத்தில் ஆறுகளைக் காட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

செந்திலைத் தோற்கடிக்க வந்த இடத்தில் இருவரும் தோற்றோம். திரும்பும் வழியில் ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டும்போது கமலம், பசிக்கிறது என்றாள்.

*

பெரியகுளத்தில் கமலம் வீட்டில் தங்கினேன். தூக்க மாத்திரைகளைக் குறைப்பதுதான் முதல் வேலை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு வருடம் விழுங்கியதை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவர் சொன்னபடி அரைக்கால் அரைக்காலாகக் குறைத்தோம். மாதக்கணக்கில் ஆயிற்று. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த மாதங்கள் நரகம். கை நடுங்கியது. எதற்கெடுத்தாலும் ஆத்திரம் வந்தது. கமலம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தத்துக்கு எழுந்து கத்தினேன். அவள் திருப்பிக் கத்தினாள். அவள் என்னை நோயாளியாக நடத்தவில்லை. அதில் எனக்கு எரிச்சலும் உண்டு, தெம்பும் உண்டு.

உப்பைக் குறைத்தாள். ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் வீட்டை விட்டுப் போயின. அவள் வைத்த குழம்பு வெந்நீர் போல இருந்தது. இதைத் தின்று நூறு வருடம் வாழ்வதைவிடச் செத்துப்போகலாம் என்றேன். "செத்தா பரவாயில்லக்கா. சாகாம, நான் யாருன்னு எங்கிட்டயே கேப்பியே, அதுக்குத்தான் பயப்படுறேன்" என்றாள். தட்டை இழுத்துச் சாப்பிட்டேன்.

காலையில் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உலாத்துவது போதாது, பேசினால் மூச்சு வாங்கும் வேகம் வேண்டும் என்றார். மாந்தோப்புகளை ஒட்டிய சாலையில் கமலம் முன்னால் போவாள், நான் பின்னால். ஆரம்பத்தில் முழங்கால் வலியில் அவளை மனதுக்குள் வைதுகொண்டே போவேன். கொஞ்ச நாளில் வாய்விட்டு வைவதற்கே மூச்சு இருந்தது. பிறகு அவளைத் தாண்டிப் போனேன்.

தலைக்குள் மூட்டம் எப்போது விலகியது என்று தேதி சொல்ல முடியாது. ஒரு நாள் தட்டு என்ற சொல் வந்தது. தேடாமல் வந்தது. அன்று முழுக்கத் தட்டு, கரண்டி, சல்லடை, ஆப்பை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். கமலம் பயந்துபோய் என்னக்கா என்று கேட்டாள்.

காதுக் கருவியை மாட்டியபோது சந்தோஷப்படுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். உலகம் இவ்வளவு இரைச்சல் என்பதே மறந்திருந்தது. மின்விசிறி அரைத்தது. என் சேலை உரசும் சத்தமே காதைக் குத்தியது. கழற்றி மேசையில் எறிந்தேன். மூளை இந்தச் சத்தங்களை மறுபடி பிரிக்கப் பழக வேண்டும், தினமும் மாட்டினால்தான் பழகும் என்றார்கள். பெட்டியில் வைத்த கருவியால் யாருக்கும் பயனில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று பெட்டியில் தூங்கினால் எடுத்து மாட்டுங்கள்.

*

ஒரு வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பினேன். காதில் கருவி இருந்தது. தலைமுடியால் மறைத்திருந்தேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை இப்போது கேட்டுவிடலாம் என்ற வன்மத்தோடுதான் உள்ளே நுழைந்தேன்.

மூன்று நான்கு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கவிதா பிள்ளைகளிடம் சீருடைக்குப் பித்தான் தைக்க வேண்டும் என்றாள். செந்திலிடம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றாள். அவன் பார்க்கலாம் என்றான். அவள் நேற்றும் இதையே சொன்னீர்கள் என்றாள். என் பெயர் எங்கும் வரவில்லை. திட்டம் எதுவும் இல்லை. அவர்கள் பேச்சில் நான் இருக்கவே இல்லை. திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

சமையலறையில் கவிதா தனியாக இருந்தபோது போய் நின்றேன். கதவைப் பூட்டி என்னை அடைத்து வைத்தாயே, அதற்கு எப்போதாவது வருத்தப்பட்டாயா என்று கேட்டேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் குரலை நான் அன்றுதான் சரியாகக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல்.

"ஒரு நாளு நீங்க குமுளி ரோட்டுல லாரிக்கு நடுவுல நின்னீக, அத்தை. ஞாபகம் இருக்கா? நாந்தான் ஓடி வந்து இழுத்தேன். என் கையக் கடிச்சீக. பூட்டாம நான் என்ன செய்யணும்? வெசம் வைக்கிறேன்னு சொன்னீக. அதுக்கப்புறமும் நாந்தான் சோறு போட்டேன். என்னய எப்படி இருக்கன்னு ஒருத்தரு கேட்டாகளா?"

லாரிகளுக்கு நடுவே நின்றது எனக்கு ஞாபகம் இல்லை. இன்றுவரை இல்லை. அவள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். தழும்பு இருந்தது. என் பல் வரிசை.

அவள் சொன்னது உண்மை. அதற்காக எனக்கு அவள் மேல் பிரியம் பொங்கிவிடவில்லை. அவளுக்கும் என் மேல் இல்லை. ஆனால் அதன் பிறகு அவள் என்னிடம் பேசும்போது முகத்துக்கு நேராக, மெதுவாகப் பேசினாள். நான் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பதை விட்டேன். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

தோட்டத்தை மறுபடி கேட்டேன். செந்தில் தயங்கினான். ஓர் ஏற்பாட்டோடு வாங்கினேன். கவாத்தோ மருந்தடிப்போ, நான் சொல்வது தப்பென்று பேச்சியம்மாவுக்குப் பட்டால் வேலையை நிறுத்திவிட வேண்டும், என் அதட்டலுக்கு மசியக்கூடாது. முதல் வாரமே அவள் ஒரு தடவை நிறுத்தினாள். "இல்ல டீச்சர், கெழக்க இன்னும் ஈரம் காயல" என்றாள். சுள்ளென்று கோபம் வந்தது. போய்ப் பார்த்தேன். காயவில்லை. மருந்தடிக்கும் நாட்களில் தோட்டத்துப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், போவதில்லை.

மூளைக்குப் பழகாத வேலை ஒன்றைக் கொடுக்கவும் சொல்லியிருந்தார். தெரிந்ததையே திரும்பச் செய்வது போதாதாம். மலையாளம் படிக்கத் தொடங்கினேன். காது வழியாகக் கொஞ்சம் தெரிந்த பாஷை. எழுத்து தெரியாது. கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் வாரத்தில் ஒரு நாள் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு அது சரியாக வரவில்லை. எழுத்துகள் எல்லாம் ஒன்று போலச் சுருண்டு கிடந்தன. அவள் என் தப்புகளைப் பார்த்துச் சிரித்தாள். என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்த பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அறுபத்து மூன்று வயதில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. பேருந்தில் எழுதியிருப்பதை இப்போது எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், பேருந்து புறப்படுவதற்குள்.

*

மறுபரிசோதனைக்குப் போனோம். படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்த மருத்துவர், புதிதாக எதுவும் இல்லை என்றார். அப்படியே இருக்கிறது என்றார். படிப்பிலும் உத்தியோகத்திலும் அப்படியே இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். அன்று அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இது எந்த வயதில் கவனித்திருக்க வேண்டியது என்று கேட்டேன். நாற்பதிலேயே என்றார். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது, அசையாமல் உட்கார்ந்தே இருப்பது, மனிதர்களை விட்டு ஒதுங்குவது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும், அதற்கு அவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். ஆனால் பார்த்துக்கொள்ளாமல் வரவழைத்துக்கொள்பவர்கள் நிறைய என்றார்.

நான் செந்திலைக் காட்டி, இவனுக்குப் பாருங்கள் என்றேன்.

அவன் வேண்டாம் என்றான். மருத்துவர் பட்டையைச் சுற்றிவிட்டார். அளவைப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். முப்பத்தொன்பது வயதில் என் மகனின் அளவு, என்னை முதலில் பார்த்தபோது இருந்ததற்குச் சற்றே கீழே இருந்தது. படியேறி வந்ததால் என்றான். கடைக் கவலை என்றான். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மாத்திரையை வாங்கவே இல்லை.

வீட்டில் இதற்காக நடந்த சண்டை பழைய சண்டைகளுக்குக் குறைந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை கவிதா என் பக்கம் நின்றாள். ஒரு நாள் சாப்பிடும்போது அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னயப் பழி வாங்குறியாம்மா?" என்று கேட்டான்.

"ஆமா," என்றேன். "ஒனக்கு நான் செஞ்ச மாதிரி, ஒம் பிள்ளைகளுக்கு நீ செய்யாம இருக்கிறதுதான் என் பழி."

அவன் எழுந்தான். கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

என் உடம்பை நான் இப்போது நம்புவதில்லை. ஒரு காலத்தில் உடம்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான்தான் அது என்று இருந்தேன். இப்போது அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. முகம் கொடுத்துப் பேசுகிறேன், கண்காணிக்கிறேன், சாவியைக் கொடுப்பதில்லை. வலிக்காத இடத்தில்தான் அது வேலை காட்டும் என்று தெரிந்துவிட்டது.

காலமும் முன்பு போல இல்லை. என் தலைக்குள் அந்தக் குழாய்கள் அடைபட்ட நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசிப்பேன். யாரையோ அதட்டிக்கொண்டிருந்திருப்பேன். அப்பளம் பொரித்திருப்பேன். நல்ல நாள் என்று நினைத்துப் படுத்திருப்பேன். இன்று என்ன நடக்கிறது என்பது இன்று தெரியாது. பல வருடம் கழித்துத் தெரியும். அதனால் இன்றைக்கு என்று எதையும் அலட்சியமாக விட முடிவதில்லை.

ஒவ்வொரு காலையும் பல் விளக்கியதும், சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து, பிரஷர் மிஷினின் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்கிறேன். போன வாரம் நான் பட்டையைக் கழற்றும்போது செந்தில் எதிரே வந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடக்கி மேசை மேல் கையை நீட்டினான். கவிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். நான் பட்டையை அவன் கையில் சுற்றி, பொத்தானை அழுத்தினேன்.